பதினாறுக்குப் பதினாறு

போன மாதம் என் மருமகன் ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கிவந்து என் வால்வு ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். பெரிய இன்ஜினியர். பாட்டு வந்தது, உயிர் வரவில்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவது போல இருந்தது. நான் எழுந்து போய் ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்தேன்.

"மாப்பிள, இது தீனி நெறைய கேக்குற சாதி. நம்ம ஆம்ப்ளிஃபயர் எட்டு வாட்டு. கொஞ்சமாத் தின்னுட்டு ஓங்கிப் பாடுத ஸ்பீக்கராப் பாத்துல்லா மாட்டணும்" என்றேன்.

மனுஷன் அசந்துவிட்டார். "இதெல்லாம் எங்க படிச்சீங்க அத்தை?"

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். கருவாட்டுக் கூடையில் தொடங்கி, இன்று இரண்டு ஐஸ் கம்பெனி, நான்கு விசைப்படகு. யாரும் தூக்கிவிடவில்லை, நானாக ஏறினேன். ஆனால் இந்த வித்தை அதற்கெல்லாம் முந்தியது. அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பா சங்கு குளிப்பவர். அவர் கடலுக்குள் இறங்கும்போது மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவர் மாமா, அம்மாவின் தம்பி. தாலி தங்க வேண்டுமென்றால் புருஷனின் கயிறு பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். கீழே அப்பா சுண்டினால் மேலே மாமாவின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். "கடலுக்குள்ள கைதாம்ளா காது" என்பார் மாமா. அந்த வருஷம் வழக்கத்தைவிட ஆழத்தில் இறங்கியதில் அப்பாவின் இரண்டு காதும் உடைந்து, எதுவும் கேட்காமல் போயிற்று. மாமா அதன்பிறகு கயிற்றைத் தொடவில்லை. கொழும்புத் தோணியில் வேலைக்குப் போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு ரிக்கார்டு பிளேயரும், துணியில் சுற்றிய ஆம்ப்ளிஃபயருமாக வந்து இறங்கினார். டூரிங் டாக்கீஸில் கழித்துப்போட்ட பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து மரப்பெட்டியில் பொருத்தினார்.

"யக்கா, சத்தம் பலமா இருந்தா அத்தானுக்கு எப்படியும் கேட்டுரும், பாரேன்."

அம்மா நம்பினாள். நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு மாமா சுவிட்சைப் போட்டார். வால்வுகள் அவசரப்படவே இல்லை. பல்பு போன்ற அந்தக் கண்ணாடிக்குள் ஒரு பொட்டு சிவந்தது, பிறகு மெல்ல மெல்லப் பழுத்தது. சூடேறிய தூசியின் வாசம் வந்தது. கடலுக்கு அடியில் வெயில் இறங்குவது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு வந்தது, சீக்குக்காரன் முனகுவது போல. அப்பா பெட்டியைப் பார்த்தார், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் பெட்டிக்குப் பின்னால் போனேன். எழுத்து எனக்குத் தடுமாறும், எண் தடுமாறாது. ஸ்பீக்கரின் முதுகில் பதினாறு என்று எழுதியிருந்தது. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் நாலு, எட்டு, பதினாறு என்று மூன்று திருகாணிகள். மாமாவின் வயர் நாலில் இருந்தது.

"மாமா, பதினாறு பதினாறுக்குல்லா போவணும்?"

"ஏளா, கொழும்பு போய்ட்டு வந்தவன் நானா நீயா?"

"அவ சொல்லுதபடிதான் ஒருக்க மாட்டிப் பாரேம்ல" என்றாள் அம்மா.

"சரி, மொதல்ல சுவிட்ச அணை. ஸ்பீக்கர் இல்லாம ஓடுனா இது கருகிப் போவும்" என்றார் மாமா.

வயர் மாறியது. வால்வு மறுபடி பழுக்கக் காத்திருந்தோம். அப்புறம் வந்தது பாருங்கள் பாட்டு! அலமாரியில் பீங்கான் கோப்பைகள் நடுங்கின; கூரையிலிருந்த காக்கா பறந்தது. பெட்டிமேல் கை வைத்திருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்தார். உள்ளங்கையை இன்னும் அழுத்தி வைத்தார். சிரித்தார்.

"கேக்குதாங்க?" என்று அம்மா வாயசைத்துக் கேட்டாள்.

அப்பா தலையாட்டினார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

அப்பாவுக்குக் காது கொடுத்தவள் நான்தான் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். பிறகு வந்த மத்தியானங்கள் எல்லாம் எனக்கு ஒரே மத்தியானமாகத்தான் நினைவிருக்கின்றன. சன்னல் வழியாக உப்புக் காற்று, பகலிலும் சிவப்பாக மினுங்கும் வால்வுகள், பெட்டியில் முதுகைச் சாய்த்துக் கண்மூடி உட்கார்ந்திருக்கும் அப்பா. அவர் விரல் மரத்தின்மேல் சுண்டிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் இசைத்தட்டில் கீறல் விழுந்து ஊசி சிக்கிக்கொண்டது. ஒரே வரி. திரும்பத் திரும்ப அதே வரி. பக்கத்து வீட்டுக்காரி, "ஏளா, அந்த ஊசியத் தூக்கி வையேன், தல வலிக்கு!" என்று கத்தினாள். அப்பா மட்டும் அதே சிரிப்போடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுக்களைக்கு ஓடினேன். "எம்மா, அப்பாவுக்கு இந்த வரி ரொம்பப் புடிச்சிப்போச்சு. வந்து பாரேன்!"

அம்மா மீன் கழுவிய கையோடு வந்து வாசலில் நின்றாள். வெகுநேரம் அப்பாவையே பார்த்தாள். ஊசியைத் தூக்கி வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முதுகையும் பெட்டியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அந்த வரி பிடித்துப்போய்விட்டது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லப் போனேன்.