சுவருக்குள் ஓடும் வயர்

நாரின் நகரில் வயரிங் வேலை பார்க்கும் தெமிர்குலுக்கு, சுவரின்மேல் குழாயில் ஓடும் வயர் கண்ணில் பட்டாலே ஆகாது. "குடல் வெளிய தொங்குற ஆடு மாதிரி இருக்கு" என்று பழிப்பார். அவர் கைபட்ட வீட்டிலெல்லாம் வயர் சுவருக்குள்தான் புதைந்திருக்கும். அவ்வூர் வழக்கப்படி சுவரில் அழகுக்குக் கம்பளம் மாட்ட யாராவது ஆணி அடித்து வீடு இருண்டுவிட்டால், சரிசெய்யப் போன இடத்தில், "சுவத்த ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிச்சா குறைஞ்சா போயிருவீங்க?" என்று சிடுசிடுப்பார்.

மகளுக்கு நிச்சயம் செய்த அன்று அந்தியில், அவளுடைய வருங்கால மாமியார் கொண்டுவந்த கம்பளத்தை மாட்ட, சம்பந்திகள் பார்த்திருக்க, சொந்த வீட்டுச் சுவரில் தெமிர்குலே ஆணி அடித்தார். படக்கென்று வீடு இருண்டது.

அந்த இருட்டில் மனைவி புருல்சா நிதானமாகக் கேட்டாள்:

"ஏங்க, சுவரு என்ன சொல்லுச்சு?"