இடப் பக்கத்து மலை

முரோய் சேய்ஜி முப்பத்தோரு வருடம் குமகாயாவில் ஒரே தடத்தில் பஸ் ஓட்டியவர். ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப்பாலம், பாலத்திலிருந்து திரும்ப நிலையம். ஒரு நாளைக்கு ஒன்பது நடை. சலிக்கவில்லையா என்று யாராவது கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது. காலை ஏழு மணிப் பாலத்துக்கும் பதினொரு மணிப் பாலத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்பார். மழை விட்டபின் பார்த்தால் அது மூன்றாவது பாலம்.

ஓய்வு பெற்றதும் நகர மண்டபத்தில் பாஸ்டல் வண்ணக்குச்சி ஓவிய வகுப்பில் சேர்ந்தார். மற்றவர்கள் இந்த வாரம் ஹைட்ரேஞ்சியாப் பூ, அடுத்த வாரம் கோட்டை என்று தாவிக்கொண்டிருக்க, முரோய் ஒரே ஒரு புகைப்படத்தைக் கொண்டுபோய் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளங்கையளவுக் கறுப்பு வெள்ளைப் படம். மேட்டுச் சாலையிலிருந்து எடுத்தது. கீழே முப்பது நாற்பது கூரைகள், அவற்றுக்கு அப்பால் கடல், இடப் பக்கம் கடலுக்குள் இறங்கும் ஒரு மலை. முன்னால் ஒரு படகுக் கொட்டகை, அதன் மேல் பெயர்ப் பலகை. அது அவர் மனைவி நோபுயே பிறந்த ஊரான இசோமி. இருபத்தொரு வயதில் வீட்டைவிட்டு வந்தபோது அவள் பெட்டியில் இருந்த ஒரே படம் அது. பஸ் ஓட்டுகிறவனுக்குப் பெண் இல்லை என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். கடைசிவரை மருமகனை வாசலில்கூட நிற்க விடவில்லை. மாமனார் இறந்தபோது பிள்ளைகள் வெளியூர் போயிருந்தார்கள், வீடும் கைமாறியிருந்தது. முரோய் இசோமியைக் கண்ணால் பார்த்ததில்லை. கடல் வடக்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

வடக்கே கடல் என்றால் கிழக்கு வலப் பக்கம். அங்கே மலை இல்லை, திறந்த கரை. ஆகவே முதல் படத்தில் வலப் பக்கத்துக் கரையிலிருந்து சூரியனை எழுப்பினார். கூரைகளெல்லாம் இளஞ்சிவப்பு. நோபுயே அதன் முன் கொஞ்ச நேரம் நின்றாள். "கடல் நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதன்பின் பனிக்காலை, மழைக்கு முந்தைய மதியம், பனி பெய்து ஓய்ந்த மறுநாள். படத்தில் நிறமே இல்லாததால் எல்லா நிறமும் அவர் இஷ்டம். வானத்தை விரலால் தேய்த்துக் கலப்பார். கூரை விளிம்புக்கு மட்டும் குச்சியின் உடைந்த முனை. தூளை ஊதக் கூடாது, பலகையைச் சாய்த்து முதுகில் தட்ட வேண்டும். தட்டினால் அன்றைய வானம் கீழே விரித்த செய்தித்தாளில் கோடாக விழும்.

"இந்தக் கையோட ஃப்ரிட்ஜைத் தொடாதீங்க. நேத்து தோஃபு டப்பா ஊதாவா இருந்துச்சு" என்பாள் நோபுயே.

"அது உங்க ஊரு சாயங்காலம்."

"எங்க ஊரை ஃப்ரிட்ஜுக்கு வெளியிலயே வச்சுக்கோங்க."

ஆறாவது படம் முடிந்த சமயம் நோபுயேயின் தம்பி கத்சுமி தொலைபேசியில் அழைத்தான். இசோமியை விட்டு வெளியேறியவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அவன்தான் செயலாளர். அடுத்த ஆண்டுக்குச் சங்கத்தின் பெயரில் நாட்காட்டி போடப் போகிறார்களாம்.

"பன்னெண்டு மாசத்துக்குப் பன்னெண்டு படம் குடுங்க அத்தான். அப்பா உங்களை வாசப்படி ஏற விடலை. இனி ஊர்க்காரங்க ஒவ்வொருத்தர் வீட்டுச் சுவத்துலயும் வருஷம் பூரா நீங்கதான் தொங்கப் போறீங்க."

முரோய் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் உட்காரும் விதமே மாறிவிட்டது. விருந்துக்குப் போகிறவர்போல் காலையிலேயே முகம் மழித்துக்கொண்டு பலகை முன் உட்கார்ந்தார்.

நவம்பரில் பதினொன்று முடிந்திருந்தன. பன்னிரண்டாவதற்கு வெற்றுத்தாள் பலகையில் இருந்தது. முடிந்தவற்றை வாங்கிப் போகக் கத்சுமி ஒரு பெட்டி நண்டோடு வந்து சேர்ந்தான். முரோய் ஒவ்வொரு படத்தின் மேலிருந்தும் வெண்ணெய்த்தாளை எடுத்துக் கூடத்துச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்தார். கத்சுமி மண்டியிட்டு முதல் படத்துக்கு முகத்தைக் கொண்டுபோனான்.

"அத்தான், யார் இந்த மோதோயாமா?"

"கொட்டகைக்காரர். பலகையில போட்டிருக்கே."

"எங்க ஊர்ல மோதோயாமாவே கிடையாது. அது யாமாமோதோ கொட்டகை." சற்றுப் பின்னால் தள்ளி வரிசை முழுவதையும் பார்த்தான். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "மலை எப்ப எழுந்து அந்தப் பக்கம் போச்சு?"

முரோய் புகைப்படத்தை எடுத்து ஜன்னலருகே பிடித்தார். பலகையில் இரண்டே எழுத்து. ஒன்று யாமா, அதாவது மலை; மற்றது மோதோ, வேர். இரண்டுமே கண்ணாடியில் பார்த்தாலும் மாறாதவை, வரிசை மட்டும்தான் இடம் மாறும். ஃபிலிமைத் திருப்பி வைத்து இடம் வலமாகப் படம் போட்டிருக்கிறார்கள். மாறிய வரிசையும் ஒரு பெயராகவே அமைந்துவிட்டதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

"முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவரு. இடது வலது தெரியலையே" என்றான் கத்சுமி.

முரோய் மனைவியைப் பார்த்தார். அவள் நண்டுப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், அவசியத்துக்கு மேல் மெதுவாக.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் படத்துலயே."

"பதினாலு மாசம். ஒரு வார்த்தை சொன்னியா?"

கத்சுமி குறுக்கே விழுந்தான். "விடுங்க. அச்சுக்காரன்கிட்ட சொன்னா ஒரு பட்டன்ல எல்லாத்தையும் திருப்பிடுவான். மலை தன்னால இந்தப் பக்கம் வந்துரும்."

"மலையோட சூரியனும் திரும்புமே," என்றார் முரோய். "மேக்குல விடிஞ்சா ஊர்க்காரங்க ஒத்துக்குவாங்களா?"

கத்சுமி வரிசையை மறுபடி இடமிருந்து வலமாகப் பார்த்தான்.

அப்போதுதான் நோபுயே பேசினாள். "எங்களுக்கு விடியறது மலைக்குப் பின்னால. மார்கழியில பத்து மணி வரைக்கும் வெயிலே வராது. கணவாய் மீன் காயாது. அம்மா துவைச்சதைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போவா. அடுத்த ஊர்ல விடிஞ்சு மூணு மணி நேரம் கழிச்சுத்தான் எங்களுக்கு." முதல் படத்தைக் காட்டினாள். "இவரு ஆறு மணிக்கே எங்க வீட்டுக்கூரையில வெயிலைப் போட்டுட்டாரு. சொன்னா அழிச்சிருப்பாரு."

அவர் அழித்துத்தான் இருப்பார். பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வெண்ணெய்த்தாள் வைத்து மூடினார்.

"இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும் கத்சுமி. அந்தச் சுவத்துக்கு இது பொய். எனக்கு ஒரு வாரம் குடு."

"ஒரு வாரத்துல பன்னெண்டா?"

"ஒண்ணு. பன்னெண்டு மாசத்தையும் அதுக்குக் கீழேயே போட்டுக்கோ."

மறுநாள் அலமாரிக் கண்ணாடியில் புகைப்படத்தை ஒட்டிவைத்து, ஒரு கைக்கண்ணாடியை எதிரே பிடித்து, அதற்குள் தெரிந்ததைப் பார்த்து வரைந்தார். மலை வலப் பக்கம் வந்தது. கை ஒப்பவில்லை. வலது பக்கம் வண்டி ஓட்டும் நாட்டில் பஸ்ஸை ஒப்படைத்ததுபோல ஒவ்வொரு கோட்டுக்கும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. கடலில் மட்டும் வெளிச்சம் வைத்தார். கூரைகளுக்குச் சாம்பல் நீலம்.

பதினொரு படத்துக்கும் வாய் திறக்காத நோபுயே இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் இருட்டு. உள்ள விளக்கு எரியும் அந்நேரம். இது ஓகாவா வீடு, இதுல புகை வரும். யாமாமோதோ கொட்டகைக் கதவு எப்பவும் கோணல். இல்லைங்க, நிமித்தாதீங்க, கோணலா விடுங்க."

"நீயே போடறியா?"

"எனக்குக் கை அழுக்காகும்."

நான்காம் நாள் தாளின் மேல் தூள் பிடிக்க மறுத்தது. அதற்கு மேல் எதுவும் ஏறாது. அவர் நிறுத்திக்கொண்டார். நோபுயே எழுந்து நின்று மலையடிவாரத்தில் ஒரு கூரையை, தொடாமல், விரலால் காட்டினாள்.

"இதுதான் நாங்க. குளிருது பார்த்தாலே."

ஜனவரி கூட்டம் முடிந்த மறுநாள் கத்சுமி அழைத்தான். முரோய் எழுந்து நின்றுகொண்டே ரிசீவரை எடுத்தார்.

"என்ன சொன்னாங்க?"

"படத்தைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை அத்தான்."

முரோய் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"சுவத்துல மாட்டினதும் சண்டை ஆரம்பிச்சிருச்சு. காலை வெயில் முதல்ல யாரு வீட்டுக்கு வரும்னு. ஓகாவா எங்களுக்குங்கறான், யாமாமோதோ கிழவர் சாகே மதுக் கிண்ணத்தோட எழுந்து படத்துல விரலை வச்சுக் காட்டறாரு. ரெண்டு மணி நேரம். யாரும் சாப்பிடலை."

நோபுயே ரிசீவரைப் பிடுங்கினாள்.

"வெயில் கடைசியா வர்றது நம்ம வீட்டுக்குன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் அக்கா. யாருமே நம்பலை."

"படத்தைப் பாக்கச் சொல்லு," என்றாள் அவள். "அவரு சரியாத்தான் போட்டிருக்காரு."