தவ்ஹுவில் ஒட்டிய கதவு

எனக்குக் குரல் எழும்பாது. அதனால் வந்த வினை இது.

பினாங்கில் தச்சு வேலை பார்த்த நாட்களில், மசாலா வியாபாரி ஒருவர் குர்ஆன் வைக்கச் சின்ன அலமாரி கேட்டார். பலகைகளைச் சேர்த்து ஒட்டினால்தான் கதவுக்கு அகலம் வரும்.

“எதைப் போட்டு ஒட்டுவே, ஆசாரி?”

“வச்சிரம், முதலாளி.”

“வஞ்சிரமா? மீன்லகூட பசை எடுக்குறாங்களா? நல்லதாப் போச்சு. பன்னித் தோல்ல காய்ச்சுனதா இருந்தா வேணாம்னு சொல்ல இருந்தேன்.”

வச்சிரம் என்பது தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. நான் வாங்கும் கட்டி எந்த மிருகத்தின் தோல் என்று எனக்கே தெரியாது. வாயெடுப்பதற்குள் அவர் வேறொருவரிடம் மிளகு விலை பேசப் போய்விட்டார்.

ஏமாற்ற மனமில்லை, திரும்பப் போய்ச் சொல்லவும் நாக்கு எழவில்லை. பக்கத்துப் பட்டறைச் சீனத் தச்சரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். சோயா பயற்றில் செய்யும் தவ்ஹுவைத் துணியில் பிழிந்து, வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்துக் காட்டினார். தாங்குமா என்றேன்.

“தாஹான் லா,” தாங்கும் என்று தலையாட்டினார்.

தின்கிற பண்டம் மரத்தைப் பிடித்து நிற்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் அதில்தான் ஒட்டிக் கொடுத்தேன்.

மழைக்காலத்தில் ஆள் வந்தது. கூரை ஒழுகி அலமாரி நனைந்துவிட்டதாம், முதலாளி கையோடு வரச் சொன்னாராம். பலகைகள் பிரிந்து வேதம் ஈரத்தில் கிடப்பதாகவே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

“கதவு போச்சு, ஆசாரி. இழுத்தா வரமாட்டேங்குது.”

குனிந்து பார்த்தேன். கதவு ஊதி, சட்டத்தில் இறுகியிருந்தது. அவ்வளவுதான். அடியில் ஓரிடத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. துடைத்துவிட்டு இணைப்பில் நகத்தை வைத்து அழுத்தினேன், நகம் இறங்கவில்லை. மேலிருந்து கீழ்வரை தடவினேன், எங்கும் விடவில்லை. உளியால் மெல்ல நெம்பித் திறந்தபோது உள்ளே புத்தகம் ஈரம் படாமல் இருந்தது.

அந்த நிம்மதியில் பேச்சு தானாக வந்தது.

“இது மீன் பசை இல்ல, முதலாளி. வச்சிரம்னா தோல் பசை. நீங்க சொன்னதால அதைப் போடல. இது தவ்ஹு.”

“எது, நான் மத்தியானம் சோத்துல போட்டுத் தின்னேனே, அதா?”

“அதேதான்.”

“அன்னைக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? நான் ஊரெல்லாம் மீன் பசைன்னு பீத்திக்கிட்டுத் திரியுறேன்.”

சிரித்தார். நான் கதவைக் கழற்றி ஓரத்தை இழைக்கத் தொடங்கினேன். கை நிற்கவே இல்லை.

“போதும்யா,” என்றார். “கொஞ்சம் கதவையும் மிச்சம் வை.”