ஆடி மாதத்தில் மண்டபம் பிடித்த அண்ணன்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொன்ன அன்றைக்கே, சொந்தத்தில் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்தப் படக் கதையெல்லாம் விட்டுட்டு நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா” என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அண்ணனிடம் இருந்த நல்லதெல்லாம் அந்தப் படக் கதைக்குள்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாருக்கோ எழுதியதாக ஆகிவிடும். ஆகவே அதையே எழுதுகிறேன்.

அண்ணன் ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தார். அப்பா காலமானபோது நான் தவழும் குழந்தை. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனார். அண்ணன் ஓ.எல். பரீட்சைக்கும் உட்காராமல் வேலை தேடிக் கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த பஸ்ஸில் அவர் ஏறியிராவிட்டால் நான் எங்கும் போயிருக்க மாட்டேன். அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

அங்கே பாலத்துக்குப் பக்கத்தில், அலவத்துகொடயைச் சேர்ந்த ஒருவர் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்தி வந்தார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல, அவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் அண்ணன் முதலில் லைட் பிடித்தார். பிறகு கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து எடிட்டிங் பழகினார். சிங்களவர், முஸ்லிம்கள், நம்மவர்கள் என்று எல்லா வீட்டுக் கல்யாணங்களும் அண்ணன் கையால்தான் வெட்டி ஒட்டப்பட்டன.

தொழிலில் அண்ணன் செய்த பெரிய பிழையும் அங்கேதான் நடந்தது. மணிக்கணக்கில் ஓடும் கல்யாண வீடியோ பழசாகி, பாட்டுப் போட்டுச் சின்னதாக முடிப்பது புதுசாக வந்த காலம். நம்மவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், “சாப்பிடுறத யாரு பாக்கப் போறா?” என்று பந்தி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டார். அந்த வீட்டாரும் சந்தோசமாகத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். சில மாதங்கள் கழித்துப் பெண்ணின் தகப்பனார் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருடைய மூத்த சகோதரர் திடீரென்று காலமாகியிருந்தார்.

“எங்க அண்ணன் எலையில உக்காந்து பாயாசம் கேட்டுச் சிரிச்சாரு தம்பி. கேமரா எதுக்கத்தான் நின்னிச்சு. நான் பாத்தேன். அத மட்டும் ஒருக்கா காட்டுங்க, போதும்.”

அந்த டேப்பின் மேல் ஏற்கனவே வேறொரு கல்யாணம் எடுத்தாகிவிட்டது. அண்ணன் தெரிந்தும் எல்லா டேப்பையும் போட்டுப் பார்த்தார். வந்தவர் எழுந்து போனார். நானா சத்தம் போடவில்லை. “மனிசன்ட சாப்பாட்ட வெட்டினா மனிசனயே வெட்டின மாதிரித்தான் மகன்” என்றார், அவ்வளவுதான்.

அதன் பிறகு அண்ணன் பந்தியில் கை வைக்கவே இல்லை. இலையில் குனிந்திருப்பவர், கை கழுவப் போகிறவர், இரண்டாம் தடவை சோறு கேட்பவர் எல்லாரும் இருப்பார்கள். தொழில் நண்பர்கள் அவருக்குப் ‘பந்தி மாஸ்டர்’ என்று பேர் வைத்தார்கள். அவர் கோபப்பட்டதில்லை. “பந்தி இருந்தா ஒங்க வீட்டு வீடியோ நாப்பது வருசம் கழிச்சும் ஓடும்டா” என்பார்.

பிறகு கொழும்பில் சிங்கள டெலி நாடகங்களுக்கும் படங்களுக்கும் எடிட்டராக இருந்தார். நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அம்மா டீவிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. “வந்திருச்சா? இப்ப போனது அவன்தானா?” என்று என்னைக் கேட்பார். சில நாடகங்களில் வரும், சிலதில் வராது. வராத அன்றைக்கும் “வந்திருச்சும்மா” என்றுதான் நான் சொல்வேன்.

கல்யாணமான பிறகு அண்ணன் கட்டுகஸ்தோட்டைக்கே திரும்பி வந்து சின்னதாக ஒரு எடிட்டிங் அறை போட்டார். அண்ணிக்கு அப்போது பல்லேகலயில் உடுப்புத் தைக்கும் கார்மென்ட் ஃபேக்டரியில் வேலை. ஒரு நாள் அண்ணி வேலை முடிந்து வந்து, அங்கே வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தங்களுக்குத் தனி பஸ் வேண்டும் என்று ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே நின்ற கதையைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “இத யாராவது படமா எடுக்கலாம்” என்றார்.

“யாராவதுன்னா யாரு?”

“நீங்கதான். வேற எவன் எங்கள எடுப்பான்?”

அண்ணன் தயாரிப்பாளரானது இப்படித்தான். தன் வேனை விற்றார். கொழும்பில் கூட வேலை செய்த நண்பர் ஒருவர் டைரக்ட் பண்ண வந்தார். எடிட்டிங் அண்ணனே. நடித்தவர்கள் பெரும்பாலும் கார்மென்ட் பிள்ளைகள். லீவு நாளில் வந்து நடித்தார்கள். பேச்சு முழுக்க நம்ம பேச்சு. படத்தின் நடுவில் ஒரு நீளமான சாப்பாட்டுக் காட்சி உண்டு. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சோத்துப் பார்சலைப் பிரிக்கிறார்கள், கறி மாற்றிக்கொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. அண்ணன் அதில் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை.

படத்தை வாங்கி வெளியிடுகிறோம் என்று கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். அவர் படம் பார்த்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

“நல்லா இருக்கு. ஆனா மலையகப் படம்னு சொல்றீங்க, ஒரு கொழுந்துக் கூடையாவது இல்லையே?”

“இது கார்மென்ட் கதை சார்.”

“சரி, இருந்தாலும் சனம் எதிர்பாக்கும்தானே. அந்தச் சாப்பாட்டு சீன்ல ஒண்ணுமே நடக்கல்ல. அதத் தூக்கிட்டு, மலையில கொழுந்து பறிக்கிற மாதிரி ஒரு பாட்டுப் போடுங்க. பேச்சையும் கொஞ்சம் இந்தியத் தமிழா மாத்திட்டீங்கன்னா தியேட்டர் நாங்க பாத்துக்குறோம்.”

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “சார், நீங்க எப்பவும் எங்கள கூடையோடயே பாத்துட்டீங்க. ஒரு வாட்டி கூடை இல்லாம பாருங்க. போகப் போகப் பழகிரும்.”

வந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அண்ணன் ஏறி இறங்கிய இடங்களிலும் ஏறக்குறைய இதே பதில்தான். படம் எடுத்தும் காட்ட இடமில்லை. சொந்தத்தில் சிலர், “படத்த அலுமாரியில வச்சிப் பூட்டிட்டுப் பொழப்பப் பாரு” என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் சிலருக்கு அது ஞாபகம் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு ஆடி மாதம் ஞாபகம் வந்தது. கல்யாண வீடியோக்காரனுக்கு ஆடி என்றால் வேலை குறைந்த மாதம். நம்மவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். நம்மவர்களின் கல்யாண மண்டபங்கள் பூட்டியே கிடக்கும்.

“ஆடியில போயி ஒரு காரியத்த ஆரம்பிக்கிறதாடா?” என்று அம்மா தடுத்தார்.

“கல்யாணம்தாம்மா பண்ணக் கூடாது. படம் காட்டக் கூடாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?”

அப்படி அண்ணன் படம் காட்டப் பிடித்தது, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபத்தைத்தான். மண்டபக்காரர்களுக்கு அண்ணனை லைட் பிடித்த காலத்திலிருந்தே தெரியும். உடனே சரி என்றார்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பெரிய திரையையும் சவுண்ட் செட்டையும் நானா தன் லொறியிலேயே கொண்டுவந்து இறக்கினார். கூலி பற்றிப் பேச்செடுத்தபோது, “ஒங்கட்ட கூலி வாங்கிட்டுப் போனா எனக்குச் சோறு எறங்குமா? போங்கோ, போயி கதிரையப் போடுங்கோ” என்று விரட்டிவிட்டார்.

டவுனில் பெரஹரத் திருவிழா ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. ரோட்டை மூடிவிடுவார்கள், யார் வரப் போகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். வந்தார்கள். பாதி வழி நடந்தும் வந்தார்கள். அண்ணன் வேட்டி கட்டி வாசலில் நின்று, கல்யாண வீட்டில் செய்வது போலவே ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் நீட்டினார். டிக்கட்டும் கேட்டு வாங்கினார். நம்ம படம் என்றால் இலவசமாகத்தான் காட்ட வேண்டும் என்று நினைப்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

கார்மென்ட் பிள்ளை ஒன்று சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே, “அண்ணே, பொண்ணு யாரு, மாப்புள யாரு?” என்றது.

“ரெண்டு வீட்டு ஆளும் நீங்கதான்மா. உள்ள போங்க.”

சாப்பாட்டுக் காட்சி வந்தபோது மண்டபத்தில் முதலில் சத்தமே இல்லை. அந்தக் கொழும்புக்காரர் சொன்னதுதான் சரியோ என்று எனக்குத் தோன்றியது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “ஏய், அந்தக் கருவாட்ட ஒளிக்காத! நாங்க பாத்துட்டோம்!” மண்டபமே சிரித்தது. ஆளாளுக்குத் திரையில் இருப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து, சனத்தின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆடி முழுவதும் ஞாயிறுதோறும் படம் ஓடியது. பிறகு மாத்தளையிலும் கம்பளையிலும் கல்யாணமில்லாத நாள் பார்த்து மண்டபம் பிடித்தார். தியேட்டர் கிடைக்காத படம் என்று யாராவது அனுதாபமாகச் சொன்னால் விடமாட்டார். “எங்க படத்துக்கு வாசல்ல பன்னீர் தெளிச்சோம். எந்தத் தியேட்டர்ல தெளிப்பாங்க?”

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானது அடுத்த வருடம் தெரிய வந்தது. கட்டிலில் கிடந்த நாட்களிலும் கொழும்பிலிருந்து அதே பேச்சு வந்தது. அதே காட்சியை வெட்டி எடுக்கச் சொன்னார்கள். பார்க்க வந்த எங்கள் பெரியப்பா, “சரின்னு சொல்லிருடா. ஒரு சோத்து சீன்தானே?” என்றார். அண்ணன் மெல்ல எழுந்து உட்கார்ந்து, “ஒங்க மக கல்யாண வீடியோ என்கிட்டதான் இருக்கு பெரியப்பா. ஒங்க எலைய மட்டும் எடுத்துரவா?” என்றார். பெரியப்பாவே சிரித்துவிட்டார். அந்த வருட ஆடியிலேயே அண்ணன் எங்களை விட்டுப் போனார். அதனால்தான் இந்த ஆண்டு நினைவுக்கும் மண்டபம் எடுப்பதில் எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அந்தக் கொழும்புக்காரர்கள் மறுபடியும் பேசினார்கள், இம்முறை அண்ணியிடம். அண்ணனின் நினைவாக டீவியில் போடுவோம், பெயரைப் பெரிதாகப் போடுவோம், அந்தக் காட்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கொழுந்துப் பாட்டு ஒன்றை நாங்களே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். இந்த நிகழ்வைப் பற்றிப் பேச வீட்டில் கூடியிருந்தபோது, ஒத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீடு. அவர்கள் சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல. அண்ணி எல்லாரும் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த வரிசையில மூணாவதா உக்காந்து சாப்பிடுறது யாருன்னு பாத்தீங்களா? நான்தான். என்னத் தூக்கிட்டுத்தான் அவரு பேரப் போடணுமா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. படம் வெட்டப்படாது. யார் கேட்டாலும் எங்கள் குடும்பத்தின் பதில் இதுதான்.

நானாவுக்கும் மண்டபக்காரர்களுக்கும், லீவு நாளை அண்ணனுக்காகக் கொடுத்த பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரியில் அவரைத் தூக்கிப் பிடித்த கைகளுக்கும், வேலையை விட்டு ஓடிவந்து இரத்தம் கொடுத்தவர்களுக்கும், கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், வேண்டாம் என்று தடுத்துவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்த எங்கள் சொந்தங்களுக்கும் அம்மா, அண்ணி, பிள்ளைகள், நான் எல்லாரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அண்ணனுக்குப் படையல் வைத்தாகிவிட்டது. இனிப் பந்தி, அதன் பிறகு படம். இலைக்கு எதிரே கேமரா வரும். யாரும் கூச்சப்பட்டுத் தலையைத் திருப்ப வேண்டாம். பாயாசம் வேண்டுமென்றால் சத்தமாகவே கேளுங்கள். ஒருவரையும் வெட்ட மாட்டோம்.