மாடி ஏறாமல் எழுதிய ஒரு வரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதத்தில் மரக்காணத்தில் நடந்தது இது. நான் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பழுது பார்ப்பவன். ஊர் கிளியனூர் பக்கம். மரக்காணம் உப்பளத்தை ஒட்டி ஓர் அறக்கட்டளையின் சின்னக் கண் மருத்துவமனை. உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெட்டவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். வருடா வருடம் அவர்கள் கண்ணைப் படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். அந்தப் படங்களின் நகல் தினமும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு கட்டடத்தின் மொட்டை மாடியிலும் ஆன்டெனா வைத்து இணைப்புக் கொடுத்தவன் நான்தான்.

மாசியிலிருந்து இந்தப் பேக்கப் தகராறு செய்தது. அலுவலகத்து சர்வரைத் திறந்தால், 'மருத்துவமனைக் கம்ப்யூட்டர் பதில் தரவில்லை' என்று வரிசையாகச் சிவப்பு எழுத்து. இரண்டு முறை மருத்துவமனைக்கு நேரில் போய், சின்னத் தகவல் ஒன்றை அனுப்பிச் சோதித்தேன். கம்ப்யூட்டர் சமர்த்தாகப் பதில் சொன்னது. கேபிளும் சரியாக இருந்தது. பதிவு எழுதும் பெண் மதியம் சாப்பிடப் போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நான் ஆஃப் பண்றதே இல்ல சார். மழ நாள்ல ஒழுங்காதான போச்சு? ஒரு வாட்டி மாடில ஏறிப் பாருங்களேன்" என்றார் அவர்.

மழைக்கும் பேக்கப்புக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கிண்டலாகச் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வெயிலில் இரும்பு ஏணியில் ஏற எனக்கு உடம்பு வணங்கவில்லை. ரிப்போர்ட்டில் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'பணியாளர் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவதே காரணம்.'

ஒரு வாரம் கழித்து அறக்கட்டளை மேலாளர் போன் செய்தார். "எத்தன வாட்டி கேட்டும் ஆஃப் பண்ணலன்னே சாதிக்கறாங்க. வெள்ளிக்கிழமையோட அவங்கள நிறுத்தறோம். புதுசா வர்ற ஆளுக்கு சிஸ்டத்த ரெடி பண்ணிக் குடுத்துடுங்க."

அந்தப் பெண்ணின் கணவர் உப்பளத்தில் வேலை பார்த்துப் பார்வை மங்கி வீட்டில் இருப்பவர். இவர் வேலையில்தான் குடும்பம் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். அவர் மேசை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. "மாடிக்குப் போலாமாங்க?" என்றேன்.

மேலே போய் எதிர்ப்பக்கத்து அலுவலக மாடியைத் தேடினால், காணோம். நடுவில் உப்பு நின்றது. கட்டடத்தை ஒட்டிய உயரமான கரையில், பாதிக்கு ஓலை போட்டு மூடிய பெரிய உப்புக் குவியல், எங்கள் ஆன்டெனாவுக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

நான் ஆன்டெனா வைத்தது நாலு மாதம் முன்னால், கார்த்திகையில். அப்போது உப்புப் பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். அந்தக் கோடி வரை ஒரு தடையும் கிடையாது. நெல் விளையும் ஊர்க்காரனுக்கு, மாசி பிறந்தால் இங்கே உப்பு மலை வளரும் என்று தோன்றவே இல்லை. ஈர உப்பு சிக்னலைக் குடித்திருக்கிறது. நான் சோதிக்க அனுப்பிய சின்னத் தகவல் எப்படியோ போய் வந்தது. பெரிய படங்கள் பாதியில் அறுந்து போயின.

"இதத்தான் சார் அன்னிக்கே சொன்னேன்" என்றார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அங்கிருந்தே மேலாளருக்கு போன் போட்டேன். "தப்பு என்னோடது சார். அவங்க மேல ஒண்ணும் இல்ல. எழுத்துல குடுக்கறேன்."

"லெட்டர் ரெடியா இருக்குது. இன்னும் கையெழுத்து போடல. முதல்ல பேக்கப் வரட்டும், பாப்போம்" என்றார்.

பைப் வாங்கி வந்து இரண்டு மாடியிலும் ஆன்டெனாவைப் பத்தடி உயர்த்தினேன். மதியம் ஒரு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். நாற்பது சதவீதம், எழுபது, தொண்ணூற்றெட்டில் கொஞ்சம் நின்றது. நான் சாமியெல்லாம் கும்பிட்டேன். பிறகு பச்சை எழுத்து வந்தது. நகல் நிஜமாகவே போயிருக்கிறதா என்று பார்க்க, அலுவலகத்து சர்வரில் சேர்ந்த ஒரு படத்தை அவரையே திறக்கச் சொன்னேன். அவர் திறந்தது தன் கணவரின் கண்ணை.

மேலாளர் போனில், "லெட்டர கிழிச்சுட்டேன், சொல்லிடுங்க" என்றார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

அந்தப் பெண் டிராயரில் சாமான்களைத் திரும்ப அடுக்கிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "நான் சாப்பிடப் போறேன் சார். நீங்க ஆஃப் பண்ணிடாதீங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

இன்றைக்கும் எந்த ரிப்போர்ட்டிலாவது 'பணியாளர்' என்று எழுதக் கை போனால், பேனாவை மூடி வைத்துவிட்டு, வெயிலோ மழையோ, ஒரு தடவை மாடி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.