அலை இழுத்த தட்டும் அபியின் ஒரு வார்த்தையும்: நோணாங்குப்பத்தில் ஒரு டிஸ்க் கோல்ஃப் ஞாயிறு

நடுவர் இல்லாத ஒரு விளையாட்டைப் பார்ப்பதற்காக நான் பஸ் ஏறிப் போவேன் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். திருச்சியில் உடற்கல்வி ஆசிரியை நான். கபடிக்கு விசில் ஊதியே பாதி வாழ்க்கை போய்விட்டது. ஆனால் என் தங்கை செல்வியின் மகள் அபிநயா இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். போகாமல் இருக்க முடியுமா? பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் இருநூறு கிலோமீட்டர். விழுப்புரத்தில் பஸ் மாறினேன். காலை ஏழு மணிக்கு ஏறியவள் பன்னிரண்டரைக்குப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டிக்கெட் இரண்டும் சேர்த்து இருநூறுக்குள் முடிந்தது. விழுப்புரத்தில் இறங்கிச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. அன்றிரவு அரியாங்குப்பத்தில் தங்கை வீட்டில் தங்கினேன்.

மறுநாள் காலை நானும் அபியும் ஆட்டோவில் நோணாங்குப்பம் போனோம். ஓட்டுநருக்கு அவள் கையிலிருந்த பையின் மேல்தான் கண். "இன்னா பாப்பா, பை நெறைய தட்டு? சமையல் காண்ட்ராக்டா?" என்றார். "தட்டு எறியற போட்டிண்ணா" என்றாள் அபி. "எறிஞ்சா ஒடையாதா?" என்று அவர் கேட்டதற்கு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். சிக்னலில் நின்றபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் கீது" என்று சான்றிதழ் கொடுத்தார்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை ஒன்று தூரத்தில் நிற்கும். தட்டை எறிந்து எறிந்து அந்தக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைவான எறிதலில் முடிப்பவர் வெற்றி. இங்கே படகுத் துறையைத் தாண்டி ஆற்றங்கரையோரம் ஒரு தென்னந்தோப்பில் ஒன்பது கூடைகள் வைத்திருக்கிறார்கள். தட்டு தண்ணீரில் விழுந்தால் அவுட், கணக்கில் ஓர் எறிதல் கூடிவிடும். எல்லாவற்றையும்விட என்னைக் கடுப்பேற்றிய விதி ஒன்று உண்டு. அவுட்டா இல்லையா என்பதைச் சேர்ந்து ஆடும் மூன்று பேரே முடிவு செய்ய வேண்டும். பார்வையாளர் பேச்சும் செல்போன் வீடியோவும் செல்லாது. "திருடன் கையில் சாவியா?" என்று அபியிடம் கேட்டேன். முறைத்தாள்.

அபிக்குப் பதினாறு வயது. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறாள். அவளோடு ஆடிய மற்ற இருவரும் அவள் வயதை ஒட்டியவர்கள்தான். டவுனிலிருந்து வந்த ஆந்துவானுக்குப் பதினேழு, ரெட்டியார்பாளையம் சரணுக்குப் பதினெட்டு. பெரியவர்களை எல்லாம் முந்திய சுற்றுகளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு இந்த மூன்று பொடிசுகளும் நிற்கிறார்கள் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. முதலில் வருபவர் பெங்களூர் போட்டிக்குப் போகலாம். போக்குவரத்து, தங்கும் செலவு எல்லாம் நடத்துபவர்களுடையது. அபி பெங்களூர் போக அது ஒன்றுதான் வழி. வீட்டுக் காசில் அனுப்ப முடியாது என்று செல்வி முதலிலேயே சொல்லியிருந்தாள்.

எட்டுக் கூடை முடிந்தபோது அபியும் ஆந்துவானும் சமம். சரண் பின்தங்கியிருந்தான். ஒன்பதாவது கூடை ஆற்றை ஒட்டி இருந்தது. அபி எறிந்தாள். தட்டு தென்னைகளுக்கு நடுவே வளைந்து போய்ப் பத்திரமாக மண்ணில் உட்கார்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் ஆந்துவானின் தட்டு எங்கே விழுந்தது என்று கவனிக்கவில்லை. சரணும் தன் தட்டைத் தேடி மரங்களுக்குள் போயிருந்தான். அப்போது சுற்றுலாப் பயணிகள் படகு ஒன்று கரையை ஒட்டிச் சத்தமாகப் போனது. அது கிளப்பிய அலை வந்து கரையை நனைத்துவிட்டுத் திரும்பியது.

எல்லோரும் கிட்டே போனபோது ஆந்துவானின் தட்டு கணுக்கால் அளவு தண்ணீரில் கிடந்தது.

"தண்ணியில கீது. அவுட்டு" என்றான் சரண்.

"நான் எறிஞ்சப்ப கரையிலதான் வுழுந்துச்சு!" என்றான் ஆந்துவான். முகம் சிவந்துவிட்டது.

பார்வையாளர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்ற நான் கையைத் தூக்கி, "அவுட்!" என்று கத்திவிட்டேன். பழக்க தோஷம். விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பேன். அபி திரும்பினாள். "பெரிம்மா, நீங்க செத்த சும்மா இருங்க. ஆடறது நாங்க மூணு பேரு." தோப்பே சிரித்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது.

சரண் அவளிடம், "நான் அவுட்டுன்றன், இவன் இல்லன்றான். நீ பாத்தியா?" என்றான்.

அபி ஒரு தடவை கூடையைப் பார்த்தாள். "பார்க்கவில்லை" என்று சொல்லிவிட மாட்டாளா என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஆமாம், அப்படித்தான் ஆசைப்பட்டேன்.

"பாத்தேன். சேத்துலதான் வுழுந்துச்சு. படகு போச்சில்ல, அந்த அலைதான் இஸ்துக்கினு போச்சு." சொன்னதோடு நிற்காமல் சேற்றில் இறங்கி, தட்டு விழுந்த இடத்தில் குதிகாலை ஊன்றிக் குழி போட்டுக் காட்டினாள். "இங்க."

கூடைக்குத் தொலைவில் இருப்பவர்தான் முதலில் எறிய வேண்டும், அது அபி. அபியின் தட்டு சங்கிலியில் பட்டு, உள்ளே சுற்றி, வெளியே வந்து விழுந்தது. அடுத்த எறிதலில் போட்டாள். ஆந்துவான் அவள் போட்ட குழியில் கால் வைத்து நின்று எறிந்தான். நேராகக் கூடை. ஒரே ஓர் எறிதலில் அபி தோற்றாள். அந்த அவுட் ஏறியிருந்தால் சமம், இன்னொரு கூடை ஆடியிருக்கலாம்.

ஆந்துவானின் அப்பா வந்து அபியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெர்சி மா, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அபி தண்ணீர் பாட்டிலோடு ஒரு மரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். கண் சிவந்து திரும்பி வந்து, "பெரிம்மா, பஜ்ஜி வாங்கித் தாங்க" என்றாள். நான்கு வாங்கித் தந்தேன்.

வீட்டில் செல்விக்குக் கோபம். "ஒன்ன எவடி வாயத் தொறக்கச் சொன்னது? இன்னொரு ஆட்டம் கெடச்சிருக்கும்ல?"

"கெடச்சி ஜெயிச்சாலும், பெங்களூர்ல போயி நின்னா அந்தச் சேறுதாம்மா நெனப்புல வரும்" என்றாள் அபி. செல்வி வறுத்த வஞ்சிரத்தில் பெரிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தாள். எத்தனையோ கோப்பைகளை மேடையில் நின்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் துண்டைப் பார்த்தபோது வந்த பெருமை அப்போதெல்லாம் வந்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பஸ் ஸ்டாண்டிலிருந்து நோணாங்குப்பம் எட்டு கிலோமீட்டர். கடலூர் போகும் டவுன் பஸ் எல்லாம் நிற்கும், ஆட்டோ என்றால் பேரம் பேசி ஏறுங்கள். ஆட்டம் பார்க்கக் கட்டணம் இல்லை. தோப்பில் கொசு உண்டு, செருப்பு சேற்றில் மாட்டும். ஞாயிறு பத்து மணிக்கு மேல் படகுக் கூட்டம் அதிகம், அதற்கு முன் போய்விடுங்கள். தப்பித் தவறிக்கூட வெளியிலிருந்து "அவுட்" என்று கத்தாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் விசிலை மேஜை டிராயரில் போட்டுவிட்டுக் கபடிப் பயிற்சிக்குப் போனேன். "தொட்டாச்சா, தொடலையா, நீங்களே சொல்லுங்க" என்றேன். முதல் பத்து நிமிடம் ஒரே குடுமிப்பிடி. டிராயர் பக்கம் திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டேன். பின்னால் சத்தம் சட்டென்று அடங்கியது. திரும்பிப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பு மஞ்சுளா கையைத் தூக்கிக்கொண்டு தானாகவே கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டதை எதிரணியில் யாரும் பார்க்கவில்லையாம். தொட்டவளுக்கே தெரியாதாம்.