தையற்காரி வாயில் கம்பி

விரலில் ஊசி ஏறினால்கூடப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த தையலுக்குப் போகிறவள் அந்தத் தையற்காரி. அப்பேர்ப்பட்டவளையே பல்லுக்குப் போட்ட கம்பி படுத்தி எடுத்துவிட்டது. டாக்டர் கம்பியை இறுக்கி அனுப்பினால் போதும், மேல்வரிசை முழுதும் விண்விண்ணென்று தெறிக்கும். வாழைப்பழத்தைக்கூட மெல்ல முடியாது.

நாற்பத்தேழு வயதில் இந்தக் கூத்து தேவையா என்று கேட்காத ஆளில்லை. மகளுக்குக் கம்பி போடுகிற வயதில் தாய்க்கு என்ன மினுக்கு என்று நாத்தனார் வீடு தேடி வந்தே கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கென்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் இவளுக்கு வைத்த பெயர் தேங்காய்த்துருவி. அன்று வாயைப் பொத்திய கை இன்னும் இறங்கவில்லை. கல்யாணப் போட்டோவில்கூட உதட்டுக்குப் பூட்டுத்தான். ஒருதரமாவது கையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வினை பழக்கத்தில் வந்தது. பக்கத்திலேயே கத்தரி கிடந்தாலும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தால்தான் அவளுக்குத் தைத்த மாதிரி இருக்கும். கூடவே கூடாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். அன்று காலை ஞாபகமில்லாமல் தடித்த நூலைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். முன்பல்லில் ஒட்டியிருந்த க்ளிப் பெயர்ந்தது. கம்பி உதட்டில் குத்தி, மடியிலிருந்த வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

துணி வெட்டிக்கொண்டிருந்த கணவர் பதறிப்போய் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். அங்கேயும் அவரே முந்திக்கொண்டார்.

"எல்லாத்தையும் கழட்டிடுங்க டாக்டர். இவ படுற பாட்டை என்னால பார்க்க முடியல."

நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் பாதி நேரான பற்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்றார் டாக்டர். உதட்டில் வைத்திருந்த பஞ்சைத் தையற்காரி எடுத்தாள்.

"ஏங்க, ஒரு கை மட்டும் வெச்சு யாருக்காவது சட்டை தச்சுக் கொடுத்திருக்கோமா?"

அப்படியே டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஒட்டுங்க டாக்டர். இன்னைக்கே இறுக்கியும் விட்டுடுங்க. வலிச்சா வலிக்கட்டும்."

கடைக்குத் திரும்பியபோது, விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் வந்து உட்கார்ந்திருந்தாள். வலி உச்சந்தலைவரை ஏறியிருந்தது. தையற்காரி நேரே மிஷினில் உட்கார்ந்து, விட்ட தையலை முடித்தாள்.

"இப்பவாவது புத்தி வந்துச்சா அண்ணி?" என்றாள் நாத்தனார், வீங்கிய உதட்டைப் பார்த்து.

தையற்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை வழக்கம்போல வாயை நோக்கிக் கிளம்பியது. பாதி வழியில் அதைத் திருப்பி, கத்தரியை எடுத்து நூலை வெட்டினாள். கம்பி அத்தனையும் தெரிய, நாத்தனாரின் முகத்துக்கு நேரே சிரித்தாள்.